சாமி கண்ணைக் குத்தாது என்றால், பொய் ஏன் தப்பு?

வேம்புநிழல் (இழையைத் தொடங்கியவர்)

என் மகளுக்கு ஏழு வயசு. போன வாரம் ஒரு பொம்மையை உடைச்சுட்டு, தம்பிதான் உடைச்சான்னு சொல்லிட்டா. விஷயம் தெரிஞ்சதும் என் அம்மா, "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்"னு மிரட்டினாங்க. அன்னைக்கு ராத்திரி குழந்தை தூங்கவே இல்ல, ரெண்டு கையாலயும் கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தா. எனக்குத் தாங்கல. "யாரும் கண்ணைக் குத்த மாட்டாங்கடா, தூங்கு"ன்னு சொன்னேன். கையை எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம் கேட்டா: "அப்போ யாருக்கும் தெரியலைன்னா பொய் சொல்லலாமாப்பா?"

"தப்பு தப்புதான்"னு சொல்லி விளக்கை அணைச்சேன். அது பதிலே இல்லைன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை விட்டுப் போய்ப் பத்து வருஷம் இருக்கும். கோபத்துல விடல, கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நான் மோசமானவனா ஆயிடலைன்னுதான் நினைக்கிறேன். இதை அண்ணன்கிட்ட சொன்னப்ப அவர் சொன்ன பதில் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு: "நீ நேர்மையா இருக்கன்னா அது தாத்தா சேர்த்து வெச்ச சொத்து. நீ உட்கார்ந்து செலவு பண்ற. உன் பேரப்பிள்ளைங்க காலத்துல காலியாயிடும்."

அவர் சொல்றது உண்மையா? மதம் இல்லாத ஒருத்தனுக்கு 'இது சரி, இது தப்பு'ங்கிற உணர்வு எங்கிருந்து வருது? மதத்தை ஏசறதுக்காக இதைத் தொடங்கல. நம்பிக்கை உள்ளவங்களும் வந்து பேசணும்.

---

தர்க்கன்

இந்தக் கேள்விக்கு வயது 2,400 ஆண்டுக்கு மேல். தன் மேல் தொடரப்பட்ட வழக்குக்காக நீதிமன்ற வாசலில் நின்ற சாக்ரடீஸ், யூத்திஃப்ரோ என்பவரிடம் கேட்டதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, இல்லை, அது நல்லதாக இருப்பதால்தான் தெய்வங்கள் விரும்புகின்றனவா?

முதலாவதுதான் சரி என்றால், நாளை தெய்வம் கொடுமையை விரும்பினால் கொடுமையும் நல்லதாகிவிடும். இரண்டாவது சரி என்றால், நல்லது என்பது தெய்வத்தின் விருப்பத்துக்கு முன்பே இருக்கிறது. அப்படியானால் அதைத் தெய்வத்தின் வழியாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உங்கள் அண்ணனிடம் இதைக் கேளுங்கள்.

---

அகல்விளக்கு

தர்க்கன், நான் நம்பிக்கை உள்ளவள். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பழைய பதில் உண்டு. நல்லது என்பது கடவுளுக்கு வெளியே நிற்கும் சட்டம் இல்லை, அவர் போடும் ஆணையும் இல்லை. அது அவருடைய இயல்பு. வெளிச்சம் விளக்குக்கு முன்னால் இருந்ததா பின்னால் வந்ததா என்று யாரும் கேட்பதில்லையே. இந்தப் பதில் உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். ஆனால் நாங்கள் யோசிக்காதவர்கள் இல்லை.

வேம்புநிழல் சகோதரரே, குழந்தையைப் பயமுறுத்தியது எனக்கும் வருத்தமாக இருக்கிறது. கடவுளைக் காவல்காரராகக் காட்டி வளர்த்தால், பயம் போகிற நாளில் கடவுளும் போய்விடுவார்.

ஆனால் உங்கள் அண்ணன் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், உலகின் 8 வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த 591 பேரிடம் காசுகளைக் கொடுத்துப் பங்கிடச் சொன்னார்கள். தன் தெய்வம் எல்லாவற்றையும் அறியும், தண்டிக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், எங்கோ தொலைவில் இருக்கும் முகம் தெரியாத தன் மதத்தவருக்கு நியாயமாகப் பங்கு கொடுத்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் அன்புக்கு மதம் தேவைப்படாமல் இருக்கலாம். முகம் தெரியாதவரிடம் நேர்மையாக நடப்பதற்கு மனிதன் எதையோ நம்ப வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நீங்கள் எதை வைப்பீர்கள்?

---

தும்பி

நல்ல கேள்வி அக்கா. அதுக்கு முன்னாடி, இந்த உணர்வு எவ்வளவு பழசுன்னு பார்ப்போம். நான் விலங்கு நடத்தை படிச்சவன், அதனால கொஞ்சம் நீளும்.

டார்வின் 1871லயே இதைப் பத்தி எழுதியிருக்கார். கூட்டமா வாழற உணர்ச்சிகள் உள்ள எந்த விலங்குக்கும், மனுஷன் அளவுக்கு அறிவு வளர்ந்தா, மனசாட்சின்னு ஒண்ணு கட்டாயம் உருவாகும்னு அவர் நினைச்சார்.

ரத்தம் குடிக்கிற வௌவால் இருக்கே, அதுக்குத் தொடர்ந்து ரெண்டு மூணு ராத்திரி இரை கிடைக்கலைன்னா செத்துடும். வயிறு நிறைஞ்சு திரும்பின வௌவால், பசியோட இருக்கிறதுக்குத் தான் குடிச்சதைக் கக்கிக் கொடுக்கும். சொந்தத்துக்கு மட்டும்தான்னு இல்ல, கூடவே தங்குற மத்ததுக்கும் கொடுக்கும். ஜெரால்ட் வில்கின்சன் இதை 1984ல வெளியிட்டார்.

1964ல ரீசஸ் குரங்குகளை வெச்சு ஒரு சோதனை நடந்துச்சு. அந்தச் சோதனையே கொடுமையானதுதான், அதையும் சொல்லியாகணும். சங்கிலியை இழுத்தா சாப்பாடு வரும், ஆனா பக்கத்துக் கூண்டுல இருக்கிற குரங்குக்கு மின்அதிர்ச்சி அடிக்கும். நிறையக் குரங்குகள் அந்தச் சங்கிலியை விட்டு விலகிடுச்சு. ஒண்ணு 12 நாள் எதையும் இழுக்காம பட்டினி கிடந்துச்சு. அதுல எனக்கு மறக்காத விஷயம் வேற: முன்னாடி தானே அந்த அதிர்ச்சியை அனுபவிச்ச குரங்குகள்தான் அதிகமா விலகி நின்னுச்சு.

மனுஷக் குழந்தைகள் கதைக்கு வந்தா, இங்க ஜாக்கிரதையா பேசணும். 6 மாசக் குழந்தைகூட உதவி பண்ற பொம்மையைத்தான் தேர்ந்தெடுக்குதுன்னு 2007ல வந்த ஆய்வை எல்லாரும் எடுத்துச் சொல்றாங்க. பிற்பாடு பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து அதையே பெரிய அளவுல செஞ்சு பார்த்தப்ப அந்த விருப்பம் தெரியல. அதனால அதை நான் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்.

வார்னெக்கன், டொமசெல்லோன்னு ரெண்டு உளவியலாளர்கள் 2006ல செஞ்சது வேற. பெரியவர் கை தவறிக் கீழ போட்டுட்டு எட்ட முடியாமத் தவிக்கிறப்ப, 18 மாசக் குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்துச்சு. அவரே வேணும்னு வீசினப்ப அவ்வளவா எடுத்துக் கொடுக்கல. வேம்புநிழல் அண்ணே, உங்களுக்கு இதுதான் முக்கியம். 2008ல அதே ரெண்டு பேரும் 20 மாசக் குழந்தைகளை வெச்சுப் பார்த்தாங்க. உதவினதுக்குப் பொம்மை பரிசு வாங்கின குழந்தைகள், அப்புறம் பரிசு இல்லாதப்போ குறைவா உதவினாங்க. பரிசே வாங்காத குழந்தைகள் தொடர்ந்து உதவினாங்க. உள்ளே தானா எரியறதுக்கு நாம வெளியிலேருந்து கூலி கொடுத்தா அது மங்கிடுது.

---

தர்க்கன்

தும்பி சொன்ன தகவல்கள் சரி. ஆனால் நம் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பழக்கம் இயற்கையில் இருக்கிறது என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆகாது. 1740இலேயே தத்துவவாதி டேவிட் ஹ்யூம் காட்டிய பள்ளம் இது. கூட்டமாக வாழ்ந்ததால் இரக்கம் வந்தது உண்மை என்றால், வெளியாள் மேல் வெறுப்பும் அதே வழியில்தான் வந்தது. இயற்கை இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வீச வேண்டும் என்று எது சொல்கிறது?

---

கரும்பலகை

முப்பத்தொரு ஆண்டு ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். குழந்தைகளுக்கு விதிக்கும் அறத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நன்றாகத் தெரியும். "வகுப்பில் பேச ஆசிரியை அனுமதித்தால் பேசலாமா?" என்று கேளுங்கள், "பேசலாம்" என்பார்கள். "பக்கத்துப் பிள்ளையைக் கிள்ள ஆசிரியை அனுமதித்தால்?" என்று கேளுங்கள். முகம் மாறிவிடும். "கிள்ளக் கூடாது, வலிக்கும்" என்பார்கள். எலியட் டூரியல் என்ற உளவியலாளர் இந்த வேறுபாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

அவர் வழியில் வந்த லாரி நூச்சி, மிகுந்த மதக் கட்டுப்பாடு உள்ள கிறித்தவ, யூதக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்டார்: திருடு என்று கடவுளே கட்டளையிட்டிருந்தால் திருடுவது சரியாகிவிடுமா? பெரும்பாலான பிள்ளைகள் ஆகாது என்றார்கள். வழிபாட்டு நாளைப் பற்றிய விதி என்றால் கடவுள் மாற்றலாம் என்றார்கள். திருட்டு அப்படி இல்லை. தர்க்கன் சொன்ன சாக்ரடீஸ் கேள்விக்கு, பக்தியோடு வளர்ந்த பிள்ளைகளே பதில் சொல்லிவிட்டார்கள்.

அகல்விளக்கு அம்மாவுக்கு: கிறிஸ்துவுக்கு 300 ஆண்டு முன்பு சீனாவில் மென்சியஸ் என்ற தத்துவவாதி ஒரு காட்சியைச் சொன்னார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைத் திடீரென்று பார்க்கும் எவருக்கும் நெஞ்சு பதறும். அதன் பெற்றோரிடம் நல்ல பேர் வாங்குவதற்காக இல்லை, ஊரார் புகழ்வார்கள் என்பதற்காகவும் இல்லை. அந்தப் பதற்றம்தான் அறத்தின் முளை என்றார். முளை என்றுதான் சொன்னார், மரம் என்று சொல்லவில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

---

இரவுப்பணி

நான் இங்க எழுதறது இதுதான் முதல் தடவை. அறுவை சிகிச்சை முடிஞ்சவங்க இருக்கிற வார்டுல பதினாலு வருஷமா செவிலியர். எந்த மதமும் இல்ல.

ஒரு ராத்திரி, ஒரு வயசான அம்மாவுக்குப் பன்னிரண்டு மணிக்குப் போட வேண்டிய வலி ஊசியை மறந்துட்டேன். வேற ரெண்டு பேருக்கு நிலைமை மோசமா இருந்துச்சு, ஓடிக்கிட்டே இருந்தேன். ரெண்டு மணிக்கு மேல ஞாபகம் வந்து ஓடினா, அந்தம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்க. மணியை ஏன் அடிக்கலைன்னு கேட்டேன். "நீ ஓடறதைப் பார்த்தேன். பாவம்மா நீ"ன்னாங்க.

ஊசி போட்டேன். குறிப்பேட்டுல நேரம் எழுதணும். பன்னிரண்டுன்னு எழுதிட்டா கதை முடிஞ்சது. யாரும் பார்க்கல. அந்தம்மா காட்டிக் கொடுக்க மாட்டாங்க. வேம்புநிழல், உங்க மகள் கேட்ட கேள்வி அப்படியே என் முன்னாடி நின்னுச்சு, கையில பேனாவோட.

ரெண்டு பத்துன்னு எழுதினேன். காலையில மருத்துவர்கிட்டயும் சொன்னேன், திட்டு வாங்கினேன். ஏன் எழுதினேன்னு பிறகு நிறைய யோசிச்சிருக்கேன். தண்டனைக்குப் பயந்து இல்ல, உண்மையைச் சொன்னதுக்குத்தான் தண்டனை கிடைச்சுது. நான் பன்னிரண்டுன்னு எழுதியிருந்தா, ரெண்டு மணிக்கும் அவங்க துடிச்சதைக் கேள்விப்பட்ட மருத்துவர் என்ன நினைப்பார்? மருந்து போதலைன்னு அளவைக் கூட்டுவார். அது அந்த உடம்புக்குள்ள போகும். என் பொய் தாள்ல நிக்காது, ஒரு ஆள் உடம்புல போய் வேலை செய்யும். அதைத் தாண்டி எனக்குக் காரணம் எதுவும் தேவைப்படல.

அந்தம்மா சொன்ன வார்த்தை என்னை விடவே இல்ல. 'பாவம்'. செய்யக் கூடாததைச் செஞ்சா அது பாவம்னு சொல்றோம். கஷ்டப்படற ஆளைப் பார்த்தாலும் "ஐயோ பாவம்"னுதான் சொல்றோம். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. எப்படி இப்படி ஆச்சுன்னு மொழி தெரிஞ்சவங்க சொல்லட்டும். எனக்குப் பட்டது இவ்வளவுதான்: "ஐயோ பாவம்"னு முதல்ல தோணினதை மிதிச்சுட்டுப் போறதுதான் பாவம். அந்த வரிசையில வந்தா அதுக்கு மதம் வேணாம்.

ஆனா இன்னொண்ணையும் மறைக்க மாட்டேன். அவசரத்துல அந்த உணர்வு செத்துடுது. 1973ல, இறைப்பணிக்குப் படிச்ச 40 மாணவர்களை வெச்சு டார்லி, பேட்சன்னு ரெண்டு பேர் செஞ்ச ஆய்வைப் பயிற்சிக் காலத்துல படிச்சேன். வழியில ஒருத்தர் சுருண்டு கிடப்பார். நேரம் நிறைய இருக்குன்னு நினைச்சவங்கள்ல 63 சதவீதம் பேர் உதவினாங்க. ரொம்பத் தாமதமாயிடுச்சுன்னு நினைச்சவங்கள்ல 10 சதவீதம் பேர்தான். பக்தி எந்த மாதிரிங்கிறதை வெச்சு, நிப்பாங்களா மாட்டாங்களான்னு சொல்ல முடியல. அவசரத்தை வெச்சுச் சொல்ல முடிஞ்சுது. என் வார்டுல நான் தினமும் பார்க்கறது இதுதான். நல்லவங்க வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு ராத்திரிக்கு இன்னும் ரெண்டு செவிலியர் வேணும்னு யாரும் சொல்றதில்ல.

---

அகல்விளக்கு

தங்கச்சி, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். அந்தக் குறிப்பேட்டின் முன் உங்களோடு யாரோ இருந்தார் என்று நான் நம்புவேன், நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதை இங்கே வழக்காட மாட்டேன்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அந்தம்மா உங்கள் கண் முன்னால் இருந்தார். கிணற்றடிக் குழந்தையும் கண் முன்னால்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதவருக்காக யார் பதறுவார்கள்? 1688இலேயே, அமெரிக்கக் குடியேற்றத்தில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் அடிமைமுறையை எதிர்த்து மனு எழுதியவர்கள் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர். அவர்களை எழுத வைத்தது நம்பிக்கைதான்.

---

கடலோடி

அதை மறுக்க மாட்டேன் அக்கா, அவர்களை நினைத்தால் எனக்கும் மரியாதை வருகிறது. ஆனால் அதே வேதத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் அடிமை முதலாளிகளும் தங்கள் நியாயத்தைப் பேசினார்கள். புத்தகம் ஒன்று, வாசிப்பு இரண்டு. எந்த வசனத்தைப் பிடித்துக்கொள்வது, எதைத் தாண்டிப் போவது என்று அந்தக் குவேக்கர்களுக்குக் காட்டியது எது? அந்த மனுவில் அவர்கள் கேட்டதே, உங்களை இப்படி விற்றால் நீங்கள் சம்மதிப்பீர்களா என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்க எந்த மதத்தவராக இருந்தாலும் முடியும், மதமே இல்லாதவராலும் முடியும்.

தர்க்கன் கேட்டதற்கும் என் பதில் இதுவே. இரக்கத்தையும் வெறுப்பையும் இயற்கை ஒரே பையில் கொடுத்தது சரி. ஆனால் வெறுப்பை, அதற்கு ஆளாகிறவரின் முகத்தைப் பார்த்து நியாயப்படுத்த முடிகிறதா என்று பாருங்கள். "எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம், காரணம் நான் நான், நீ நீ." இதை எவரும் ஏற்க மாட்டார். உணர்ச்சி விதை என்றால், ஒருவருக்கொருவர் காரணம் சொல்லியாக வேண்டிய கட்டாயம்தான் களை பறிக்கிறது.

அகல்விளக்கு அக்கா 'அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்' என்று கேட்டார். 1948 டிசம்பர் 10 அன்று உலகம் ஒன்றை வைத்துப் பார்த்தது. மனித உரிமைப் பிரகடனத்துக்கு 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றும் இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. முதல் உறுப்பிலேயே கடவுளின் சாயலைக் குறிப்பிட வேண்டும் என்று பிரேசில் கேட்டது, பிறகு விட்டுக்கொடுத்தது. 'பகுத்தறிவும் மனசாட்சியும்' என்று மட்டும் நின்றது. அந்தச் சமயத்தில் ஒரு கூட்டத்தில் இப்படிச் சொன்னார்களாம் என்று கத்தோலிக்கத் தத்துவவாதி ஜாக் மரித்தேன் எழுதினார்: உரிமைகள் எவை என்பதில் ஒத்துப்போகிறோம், ஏன் என்று மட்டும் கேட்காமல் இருந்தால். நான் இதைத் தோல்வியாகப் பார்க்கவில்லை. வேர் எங்கே என்பதில் ஒத்துப்போகாதவர்கள் நிழலில் சேர்ந்து உட்கார முடிந்திருக்கிறது. அதை மீறியவர்கள் ஏராளம் என்பதும் உண்மைதான்.

---

கரும்பலகை

கண்ணுக்குத் தெரியாதவர் பற்றி ஒரு செய்தி. சாமுவேல் ஆலினர் என்பவர் போலந்தில் பிறந்த யூதர். பன்னிரண்டு வயதில் குடும்பம் முழுவதையும் நாஜிகளிடம் இழந்தவர். ஒரு விவசாயப் பெண்மணி அவரைக் காப்பாற்றினார். பெரியவரானதும் மனைவி பேர்லுடன் சேர்ந்து, யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப் பேட்டி எடுத்தார். காப்பாற்றாமல் இருந்தவர்களையும் பேட்டி எடுத்தார். 1988இல் முடிவுகள் வந்தன. இரு தரப்பையும் பிரித்துக் காட்டியதில் மதப் பற்றுக்குப் பெரிய பங்கு இல்லை. நம்பிக்கை உள்ளவர்களும் காப்பாற்றினார்கள், இல்லாதவர்களும் காப்பாற்றினார்கள்.

வேறு ஒன்று பிரித்துக் காட்டியது. காப்பாற்றியவர்களின் பெற்றோர் அடிப்பதைக் குறைத்து, காரணம் சொல்லி வளர்த்திருந்தார்கள். நீ செய்ததால் அவனுக்கு என்ன ஆயிற்று என்று உட்கார்த்தி வைத்துப் பேசியிருந்தார்கள்.

வேம்புநிழல் தம்பி, "தப்பு தப்புதான்" என்று சொல்லி விளக்கை அணைத்தீர்களே, திரும்ப விளக்கைப் போடுங்கள்.

---

வேம்புநிழல்

டீச்சர், போட்டேன்.

நேத்து ராத்திரி அவகிட்ட கேட்டேன், "அன்னைக்கு நீ தம்பி மேல சொன்னப்ப அவன் என்ன பண்ணான்?"

"அழுதான்."

"ஏன்?"

ரொம்ப நேரம் பேசல. "அவன் உடைக்கலைல்ல."

"யாருக்கும் தெரியலைன்னா பொய் சொல்லலாமான்னு கேட்டியே. அன்னைக்கு யாருக்குமே தெரியாதா?"

"தம்பிக்குத் தெரியும்"னா.

அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல. இரவுப்பணி அக்கா, பொய் தாள்ல நிக்காதுன்னு நீங்க எழுதினதைப் படிக்காம இருந்திருந்தா எனக்கு இப்படிக் கேட்கத் தோணியிருக்காது.

அண்ணன்கிட்டயும் பேசினேன். தாத்தா சேர்த்த சொத்துன்னு ஒத்துக்கறேன், ஆனா தாத்தா அதை எங்கேருந்து சம்பாதிச்சார்னு கேட்டேன். "பக்தியிலேருந்து"ன்னார். பக்தியில தாத்தாவையே மிஞ்சினவங்க நம்ம சொந்தத்துலயே எத்தனை பேர், அவங்க எல்லாரும் தாத்தா மாதிரி இருந்தாங்களான்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல. தாத்தாகிட்ட ரெண்டும் இருந்துச்சு, ஒண்ணுலேருந்து இன்னொண்ணு வந்துச்சான்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாதுன்னு கடைசியில ஒத்துக்கிட்டார். எனக்கும் அதே நிலைதான்.

அகல்விளக்கு அக்கா, உங்க கேள்வியை என் மகளே கேட்டுட்டா. படுக்கப் போறப்ப, "தம்பி இல்லாம, நமக்குத் தெரியவே தெரியாத ஒரு பையன் மேல சொல்லியிருந்தா?"ன்னா.

எனக்குச் சட்டுனு பதில் வரல. "அந்தப் பையன் பேர் என்ன?"ன்னு கேட்டேன்.

"தெரியாத பையன்பா, பேர் எப்படித் தெரியும்?"

"நீயே ஒரு பேர் வெயேன்."

யோசிச்சு ஒரு பேர் வெச்சா. அவனுக்கு ஒரு அம்மா, ஒரு தங்கச்சிப் பாப்பா, ஒரு நாய்க்குட்டி எல்லாம் கொடுத்தா. அப்புறம், "அவங்க அம்மா அவனைத் திட்டுவாங்களா?"ன்னு கேட்டா.